கவுந்தியடிகள் வேடமேற்ற கொடுமுடி கோகிலம்

திரைப்பட நடிகை ஒருவரின் வாழ்க்கை வரலாறு நம் இதழில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அறநூல்களும் தீர்த்தங்கரர் வரலாறுகளும் வரும் பக்கங்களில் வெள்ளித்திரைக்கு என்ன வேலை என்று வினவுவோரும் உண்டு. ஆயினும் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளை நூலில் படித்தறிந்தோரைக் காட்டிலும், 1964-ஆம் ஆண்டு வெளிவந்த பூம்புகார் என்னும் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தோரே தமிழகத்தில் மிகுதி. சமணத் துறவி ஒருவரின் உருவத்தையும் குரலையும் பாமர மக்கள் உள்ளத்தில் பதியவைத்த பெருமை கே.பி.சுந்தராம்பாள் அம்மையாரைச் சாரும். அவ்வம்மையார் சமணர் அல்லர். நெற்றியில் திருநீறு துலங்கிய முருக பக்தர். அவர் வாழ்வை அறிந்துகொள்வது நமக்குக் கடமையாகும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மையார் பிறந்தது காவிரியின் மேற்கரையோரம் உள்ள கொடுமுடியில். ஆனால் திரையில் அவர் ஏற்ற துறவுக்கோலங்கள் பெரும்பாலும் காவிரி கடலோடு கலக்கும் நம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. திருக்கடையூரை நடுவாக வைத்துச் சுற்றிலும் நோக்கினால் இது விளங்கும். வடக்கே பூம்புகார், கவுந்தியும் மணிமேகலையும் நடமாடிய மண். வடமேற்கே வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே திருப்புன்கூர், நந்தனாருக்காக நந்தி விலகியதாகப் போற்றப்படும் தலம். தெற்கே காரைக்கால், அம்மையாரின் மாங்கனித் திருநாள் ஆண்டுதோறும் நிகழும் ஊர். மேலும் தெற்கே வேதாரணியத்தை அடுத்த துளசியாப்பட்டினத்தில் ஔவைக்குக் கோயில் உண்டு. கவுந்தி, மணிமேகலை, நந்தனார், காரைக்காலம்மை, ஔவை ஆகிய ஐவரையும் ஒருவரே திரையில் வாழ்ந்துகாட்டினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பசியறிந்த இளமை

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். அன்னையார் பெயர் பாலாம்பாள். குடும்பத்தில் வறுமை சூழ்ந்திருந்தது. பாடும் குரல் ஒன்றே அச்சிறுமிக்கு வாய்த்த செல்வம். இரயில் வண்டிகளில் பாடிக் கிடைத்த காசு குடும்பத்துக்கு உதவிற்று. இரயில்வேயில் உயர் பதவி வகித்தவரும் நாடகக் கலையில் பெரும் பற்றுடையவருமான எப்.ஜி.நடேச ஐயர் அக்குரலின் அருமையை உணர்ந்து, வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர வழிசெய்தார்.

அங்கே சிறுமிக்குக் கிடைத்த வேடம் நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளை வேடம். தாயிடம் பசி என்று முறையிட்டுப் பாடும் அக்காட்சியில் அவையோர் கண்ணீர் வடித்தனர். பசியை நடிக்க அச்சிறுமிக்கு எவரும் பயிற்சி தரவேண்டியிருக்கவில்லை. தாம் அறிந்த துன்பத்தையே பாடினார். அதனாலேயே கேட்டோர் உள்ளம் உருகிற்று.

நாடக மேடையில்

அக்கால ஸ்பெஷல் நாடகங்களைப் பற்றி இளைய தலைமுறையினருக்குச் சிறிது சொல்லவேண்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்திப்பர். கதை எல்லார்க்கும் தெரிந்தது. பாட்டும் தருக்கமும் அவரவர் ஆற்றலைப் பொறுத்தவை. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாய் வரும் முருகனும் எதிரெதிரே நின்று பாடும்போது அது உண்மையான போட்டியாகவே நடக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆர்மோனியத்தின் உயர்ந்த கட்டைச் சுருதியில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி இரவெல்லாம் பாடவேண்டும். குரல் உடைந்தால் பிழைப்பும் போயிற்று. காவிரிப் பாசனப் பகுதிகளில் அறுவடை முடிந்து களத்து நெல் வீடு சேர்ந்தபின் இத்தகைய நாடகங்களுக்குக் கூட்டம் திரளும்.

இப்பயிற்சியே அம்மையாரின் குரலை உருவாக்கியது. அவர் உச்சரித்த சொற்களில் ஓர் எழுத்தும் மழுங்காமல் ஒலித்ததற்குக் காரணம் இதுவே. பின்னாளில் ஒலிவாங்கி வந்தபோதும் அந்தப் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

இலங்கையிலும் அவர் நாடகங்களில் நடித்துப் புகழ் பெற்றார். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. கிட்டப்பா அந்நாளில் நாடக உலகின் ஈடில்லாப் பாடகர். அவருடைய குரலுக்கு நிகராகப் பாட எந்தப் பெண்ணாலும் இயலாது என்று பேசப்பட்டது. சுந்தராம்பாள் நிகராகப் பாடினார். இருவரும் சேர்ந்து நடிக்கும் நாடகம் என்றால் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

இல்லறமும் இழப்பும்

மேடையில் தொடங்கிய நட்பு 1927-இல் மணவாழ்க்கையாயிற்று. கிட்டப்பா முன்னரே மணமானவர். அதனால் அவ்வாழ்வில் அன்பும் இருந்தது. பிணக்கும் பிரிவும் இருந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. உடல்நலம் குன்றிய கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. அம்மையாருக்கு 25.

திருக்கடையூர் ஆலயத்தில் அறுபதாம் ஆண்டு நிறைவும் எண்பதாம் ஆண்டு நிறைவும் கொண்டாட நாள்தோறும் தம்பதியர் வருவதை நாம் காண்கிறோம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ முதிய கணவர் மீண்டும் மாங்கல்யம் பூட்டும் காட்சி எவர் மனத்தையும் குளிரச்செய்யும். கிட்டப்பா அந்த அறுபதில் பாதியையும் எட்டவில்லை.

அதன்பின் அம்மையார் வெண்ணிற ஆடை உடுத்தார். நகைகளைத் துறந்தார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1980-இல் உயிர் பிரியும்வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், அவ்வுறுதி மாறவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றுச் சிந்திக்கவேண்டும். இளம் கைம்பெண்ணை மூலையில் அமர்த்தி, வெள்ளைச் சேலையையும் மௌனத்தையும் அவள்மீது சுமத்தியது அந்நாளைய வழக்கம். அதனை அறம் என்று கொள்ள இயலாது. தானே உணர்ந்து மேற்கொள்ளாத விரதம் நோன்பு ஆகாது, அது தண்டனையே. அம்மையாரும் தொடக்கத்தில் கொடுமுடியில் தனித்து ஒடுங்கியிருந்தார். அவர் அந்நிலையிலேயே முடிந்துபோயிருந்தால் அவர் வாழ்வு எண்ணற்ற பெண்களின் துயரக் கதைகளில் ஒன்றாக மறைந்திருக்கும். அவர் செய்தது வேறு. வெள்ளாடையோடு வீட்டைவிட்டு வெளியே வந்தார். உலகம் கொடுத்த கைம்மைக் கோலத்தைத் தாமே தேர்ந்த நோன்பின் கோலமாக மாற்றினார். அக்கோலத்திலேயே மேடையேறினார், தேசத்துக்காகப் பாடினார், சட்டமன்றத்தில் அமர்ந்தார். ஆசைகளைக் குறைத்துக்கொண்டாரேயன்றிக் கடமைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை. இதுவே அவர் வாழ்வின் சாரம் என்பது நம் கருத்து.

தேசப்பணி

விடுதலைப் போரில் பாடலும் ஒரு படைக்கலம் என்பதைக் காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி நன்கு உணர்ந்தவர். அவருடைய ஊக்கத்தால் அம்மையார் பொதுக்கூட்டங்களிலும் தேர்தல் மேடைகளிலும் பாடினார். தேசபக்திப் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. காந்தியடிகளைத் துறவியாகப் போற்றி அவர் பாடிய இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது.

காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்துக்கு வந்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அம்மையார் தங்கத் தட்டில் உணவு படைத்தார். உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று அண்ணல் கேட்க, அம்மையார் மகிழ்ந்து தட்டையும் வழங்கினார். அது ஏலம் விடப்பட்டுப் பொதுநிதியில் சேர்ந்தது. பொருளைப் பற்றியிருத்தலே துன்பத்துக்கு வித்து என்று கற்கும் நமக்கு இந்நிகழ்ச்சி சிறப்பாகத் தோன்றுகிறது. பசியோடு வளர்ந்தவர் கையில் தங்கம் வந்தபோது அது கையோடு ஒட்டிக்கொள்ளவில்லை.

1951-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்றத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை என்று திரைப்பட வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

வெள்ளித்திரையில்

அம்மையாரின் முதற் படம் நந்தனார், 1935-இல் வெளிவந்தது. கணவரை இழந்து இரண்டாண்டுகூட நிறையாத நிலையில் நடிக்க அழைப்பு வந்தபோது, அழைத்தவர்கள் தாமாகவே விலகிச் செல்லட்டும் என்று எண்ணி ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். நடிகருக்குச் சில ஆயிரங்களே ஊதியமாக வழங்கப்பட்ட காலம் அது. தயாரிப்பாளர் அத்தொகைக்கு உடன்பட்டுவிட்டார். தமிழ்த் திரையுலகமே வியந்த செய்தி அது.

பெண் ஒருவர் ஆண் வேடமேற்று நந்தனாராக நடித்தார். வேதியராக நடித்தவர் நம் தஞ்சைத் தரணியின் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படத்தைக் கல்கி கடுமையாகக் குறைகூறி எழுதினார். பனைமரத்துக்கும் எருமைக்கும் கிடைத்த பாராட்டு நடிகர்களுக்குக் கிடைக்கவில்லை. எனினும் பாடல்கள் மக்களிடம் நிலைத்தன. ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியும் காக்கப்பட்டது.

1940-இல் மணிமேகலை வந்தது. புகார் நகரத்துப் பௌத்தத் துறவியின் கதை. அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த நங்கையின் வேடம், நல்லதங்காள் பிள்ளையாகப் பசியைப் பாடியவருக்கு வாய்த்தது பொருத்தமே.

அதன்பின் 13 ஆண்டுகள் கழித்து 1953-இல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஔவையார் வெளிவந்தது. நாற்பத்தைந்து வயது நிறையுமுன்னரே மூதாட்டியாக நடித்தார். இன்றும் ஔவை என்றதும் தமிழர் மனத்தில் எழும் உருவம் இவருடையதே. பிறகு 1965-இல் ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடல் படத்தில் அதே வேடத்தில் தோன்றி, கோபித்து மலையேறிய முருகனைப் பழத்தின் பெயரால் அமைதிப்படுத்தும் பாடலைப் பாடினார். கதாநாயகி இல்லை, முழுநேரப் பாத்திரமும் இல்லை. ஆயினும் படம் முடிந்து வெளிவருவோர் நினைவில் அந்தச் சில நிமிடங்கள் நின்றன. குணச்சித்திர நடிப்பு என்பதன் இலக்கணம் இதுவன்றோ!

கவுந்தியடிகள்

இனி நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமான பாத்திரத்துக்கு வருவோம்.

இளங்கோவடிகள் படைத்த கவுந்தியை வாசகர்கள் நன்கறிவர். புகாரை விட்டு நீங்கும் கோவலனும் கண்ணகியும் அருகத் தானத்துச் சிலாதலத்தை வலங்கொண்டு, காவிரியின் வடகரை வழியே ஒரு காவதம் நடந்து கவுந்திப்பள்ளியை அடைகின்றனர். மதுரை சென்று அறவுரை கேட்க விரும்பிய அடிகள், பிச்சைப் பாத்திரமும் கைப்பீலியும் ஏந்தி அவர்களோடு புறப்படுகிறார். வயல் வழியே செல்லும்போது நண்டும் நத்தையும் காலடியில் படாமல் நடக்கவேண்டும் என்று எச்சரிக்கிறார். சேற்று வரப்பில் நடந்து பழகிய நம் வட்டாரத்து மக்களுக்கு அவ்வறிவுரையின் அருமை புரியும். நடவுக் காலத்தில் நம் வரப்புகளில் அடிக்கு ஒரு நண்டு வளை. அதில் ஓர் உயிரும் நோகாமல் நடப்பது எத்தகைய விழிப்புணர்வு!

அந்த அடிகளுக்கும் ஒருமுறை சினம் வந்தது. கண்ணகியை இழிவாகப் பேசிய இருவரை நரியாகுமாறு சபித்தார். இணையர் வேண்டிக்கொள்ள, பன்னிரண்டு திங்களோடு சாபம் நீங்க அருளினார். மதுரையில் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தார். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். துறவியாக இருந்தும் தாயாக நடந்தவர் கவுந்தி. பற்றற்ற உள்ளத்திலும் கருணை வற்றுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

பூம்புகார் திரைப்படத்துக்கு எழுத்து மு.கருணாநிதி, இயக்கம் ப.நீலகண்டன், இசை ஆர்.சுதர்சனம். கோவலனாக எஸ்.எஸ்.இராஜேந்திரனும் கண்ணகியாக விஜயகுமாரியும் நடித்தனர். எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தின் முன்னணித் தலைவர். நடித்தவர் காங்கிரசுப் பற்றும் முருக பக்தியும் மிக்கவர். ஏற்ற வேடமோ அருகனை வணங்கும் துறவி. முப்போக்கும் ஒன்றுகூடிய காட்சி அது. தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பாடல் வரி ஒன்றைப் பாட அம்மையார் தயங்கினார் என்றும், அதன்பின் அவ்வரி மாற்றப்பட்டது என்றும் திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்லி வருவர். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே பிறருடைய நம்பிக்கைக்குரிய பாத்திரத்தை மதிப்புடன் நடித்தார் என்பது படத்தைக் கண்டோர் அனைவரும் அறிந்தது.

வாழ்வை ஓடமாக உருவகித்து அப்படத்தில் அவர் பாடிய பாடலைக் கேளாத தமிழர் அரியர். இன்பமும் துன்பமும் நிலையல்ல என்ற கருத்தை மேடைப்பேச்சாளர் ஆயிரம் முறை சொல்லலாம். இருபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் இழந்து, அதன்பின் முப்பது ஆண்டுகள் அந்த இழப்போடு வாழ்ந்தவர் பாடும்போது அது உபதேசமாக ஒலிக்கவில்லை; அனுபவமாக ஒலித்தது. நிலையாமையை நாம் பாவனைகளில் முதலாவதாகக் கற்கிறோம். அம்மையார் அதனை எந்நூலிலும் கற்கவில்லை என்றாலும் அவர் குரலில் அது குடிகொண்டிருந்தது.

கவுந்தி என்ற பெயரே அறியாத ஊர்களில் டூரிங் டாக்கீஸ் மணலில் அமர்ந்து அப்படத்தைக் கண்ட மக்கள், சமணத் துறவி என்றால் அருளும் உறுதியும் நிறைந்த தாய் என்று எண்ணிக்கொண்டனர். தீபங்குடி, மன்னார்குடி, கும்பகோணம், கரந்தை ஆகிய ஊர்களின் ஜினாலயங்களில் விளக்கேற்றி வரும் சிறுபான்மையினராகிய நமக்கு, அந்நல்லெண்ணம் சிறிய கொடையன்று.

நிறைவாண்டுகள்

1967-இல் கந்தன் கருணை, 1969-இல் துணைவன் ஆகிய படங்களில் அம்மையார் நடித்துப் பாடினார். துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அறுபதைக் கடந்தபின்னும் மேல்ஸ்தாயியில் அக்குரல் தளரவில்லை. 1973-இல் காரைக்கால் அம்மையார் படத்தில், இளமையையும் அழகையும் இறைவனிடம் வேண்டி உதறிய அந்த அடியாராகத் தோன்றினார். அதே 1973-ஆம் ஆண்டில்தான் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் அரசால் திறக்கப்பெற்றது.

1980-இல் அம்மையார் மறைந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட திரைவாழ்வில் அவர் நடித்த படங்கள் மிகச் சிலவே. வந்த வாய்ப்புகளை எல்லாம் ஏற்றிருந்தால் எண்ணிக்கை பலமடங்கு பெருகியிருக்கும், செல்வமும் பெருகியிருக்கும். தம் நோன்புக்குப் பொருந்தாதவற்றை மறுத்தார். மறுத்தவற்றின் வலிமையே ஏற்றவற்றில் ஒளியாய் வெளிப்பட்டது.

நம் இல்லங்களில் பெண்மக்கள் இன்று கல்வியிலும் தொழிலிலும் முன்னேறி வருகின்றனர். எனினும் கணவரை இழந்த பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் நீங்கவில்லை. அதற்கு அறநூல்களில் இடமில்லை. கவுந்தியை அடிகள் என்று போற்றும் சமூகம், தன் வீட்டுக் கைம்பெண்ணைக் கூடத்து மூலையில் அமர்த்துவது முறையாகாது. அவர் விரும்பினால் நோன்பேற்கட்டும். விரும்பினால் மறுவாழ்வு காணட்டும். தேர்வு அவருடையதாக இருக்கவேண்டும். அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவே.

அடுத்த முறை குடும்பத்துடன் பூம்புகார் செல்லும் அன்பர்கள், கலைக்கூடத்துச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, கண்ணகியோடு வழிநடந்த அடிகளின் கதையையும் எடுத்துரைக்க வேண்டுகிறோம். அவ்வடிகளுக்குக் குரல் கொடுத்த கொடுமுடி கோகிலத்தின் பெயரையும் அப்போது சொல்லுங்கள்.